லட்சம் கோடி என்பது எவ்வளவு? பெரும் பணக்காரர்களைப் பார்க்கும்போது நாம் எதைப் பார்க்கத் தவறுகிறோம்?

கேட்கப்பட்ட கேள்வியில் மூன்று பகுதிகள் உள்ளன. உலகப் பணக்காரர் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் நாம் ஏன் அதை இத்தனை ஆர்வத்தோடு படிக்கிறோம்? அதில் சொல்லப்படும் தொகைகள் உண்மையில் எவ்வளவு பெரியவை? முகேஷ் அம்பானியின் சொத்தை 140 கோடி இந்தியருக்கும் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? கடைசிப் பகுதிதான் கைபேசிகளில் அடிக்கடி சுற்றி வருவது. அதற்கு வகுத்தல் கணக்கு போதும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃபோர்ப்ஸ் இதழின் கணக்குப்படி முகேஷ் அம்பானியின் சொத்து 2024-இல் 11,600 கோடி டாலர். 2025-இல் 9,250 கோடி டாலர். ரூபாயில் சொன்னால் ஏறத்தாழ 8 லட்சம் கோடிக்கும் 9.6 லட்சம் கோடிக்கும் இடைப்பட்ட தொகை. வசதிக்காக 9 லட்சம் கோடி என்று வைத்துக்கொள்வோம். 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 6,400 ரூபாய் வரும், அதுவும் ஒரே ஒரு முறை. 2023-24-ஆம் ஆண்டுக்கான அரசின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புறத்தில் ஒருவருக்கான சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய் என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தப் பங்கு ஒரு கிராமத்து மனிதருக்கு ஒன்றரை மாதச் செலவுக்கு ஈடாகும்.

இந்த விடையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் உடனே ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: "இவ்வளவுதானா? அப்படியானால் பணக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை." அந்த முடிவு அவசரமானது. ஒரே ஒருவரின் சொத்தை நாட்டு மக்கள் அனைவருக்கும் பங்கிட்ட பிறகும் ஆளுக்கு ஒன்றரை மாதச் செலவு மிஞ்சுகிறது என்பதுதான் இதில் வியக்க வேண்டிய செய்தி. நூறு கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளோரின் 2024 ஃபோர்ப்ஸ் பட்டியலில் இடம்பெற்ற 200 இந்தியர்களின் மொத்தச் சொத்து 95,400 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 79 லட்சம் கோடி ரூபாய். அதை இதே முறையில் பிரித்தால் ஆளுக்கு 56,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டேகால் லட்சம். வங்கிக் கணக்கில் அவ்வளவு சேமிப்பு இல்லாத குடும்பங்கள்தான் இந்நாட்டில் மிகப் பெரும்பான்மை. இருப்பினும், பிரித்துக் கொடுப்பது என்னும் இந்தக் கணக்கே செல்வத்தின் இயல்பைத் தவறாகப் புரிந்துகொண்டு போடப்படுவது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு. நமக்கு லட்சம் தெரியும்; கோடியை வீடு, நிலம் ஆகியவற்றின் விலையாக ஓரளவு உணர முடியும். லட்சம் கோடி வந்ததும் மனம் நின்றுவிடுகிறது. 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 1.76 லட்சம் கோடி ரூபாய் ஊக இழப்பு என்று குறிப்பிட்ட பிறகு, தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் அந்த எண்ணைச் சொல்லாத வாய் இல்லை. 2017 டிசம்பரில் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் அந்த எண்ணை ஒரு முறையேனும் மனக்கண்ணில் அளந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். அது வெறுமனே "மிகப் பெரியது" என்பதற்கு மாற்றாக நின்ற ஓர் ஒலி.

அளந்து பார்க்க ஒரு வழி கூலி. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான தினக்கூலி 336 ரூபாய். ஒருவர் ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் உழைத்து, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் சேர்த்தால், ஒரு கோடி ரூபாய் சேர்க்க 81 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீண்ட ஆயுள் முழுவதும் சேர்த்தாலும் ஒரு கோடிதான். லட்சம் கோடிக்கு 81 லட்சம் ஆண்டுகள் வேண்டும். 9 லட்சம் கோடி சேர்க்க 7.3 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன.

கூலித் தொழிலாளியை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். சரி, நாள்தோறும் ஒரு கோடி ரூபாய் சேர்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம்மில் யாருக்கும் அப்படிப்பட்ட ஒருவரை நேரில் தெரிந்திருக்காது. அவருக்கும் 9 லட்சம் கோடியைத் தொட 2,460 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கீழடியில் செங்கல் கட்டடங்கள் எழுப்பி மக்கள் வாழ்ந்த காலத்தில் சேர்க்கத் தொடங்கியிருந்தால் இப்போது முடித்திருப்பார். ஆகவே இந்த அளவுச் செல்வம் சம்பளத்தாலோ சிக்கனத்தாலோ எட்டக்கூடிய ஒன்றன்று. முகேஷ் அம்பானி 2008-09 முதல் தம் ஆண்டுச் சம்பளத்தை 15 கோடி ரூபாய்க்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டார். 2020-21 முதல் சம்பளமே பெறவில்லை. ஏற்ற இறக்கங்கள் இருந்தாலும் மொத்தத்தில் அந்த ஆண்டுகளிலும் அவர் சொத்து வளர்ந்தது. செல்வம் வேறு எங்கோ இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அது பங்குகளில் இருக்கிறது. 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று என்று போனஸ் பங்கு (இலவசக் கூடுதல் பங்கு) கொடுத்த பிறகு ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 1,353 கோடி. அவற்றில் பாதி, அதாவது சுமார் 676 கோடிப் பங்குகள், சந்தையில் புரமோட்டர் என்று அழைக்கப்படும் உரிமையாளர் குடும்பத்தின் தரப்பில் உள்ளன. பங்கு விலை ஒரு ரூபாய் ஏறினால் அந்தத் தரப்பின் சொத்து 676 கோடி ரூபாய் ஏறுகிறது; ஒரு ரூபாய் இறங்கினால் அதே அளவு இறங்குகிறது. 1,200, 1,400 என்ற அளவில் விற்கும் பங்கு ஒரே நாளில் 20 ரூபாய் ஏறுவதையோ இறங்குவதையோ செய்தியாகக்கூட யாரும் எழுதுவதில்லை. அந்த 20 ரூபாய் என்பது 13,500 கோடி. 2024-25-இல் தமிழ்நாட்டில் சுமார் 1.15 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் ஓராண்டு முழுவதும் மகளிர் உரிமைத் தொகை வழங்கத் தேவைப்பட்ட பணம் 13,800 கோடி. ஒரு பங்கின் ஒரு பிற்பகல் அசைவும், ஒரு மாநிலத்தின் ஆகப்பெரிய நலத்திட்டங்களில் ஒன்றின் ஓராண்டுச் செலவும் கிட்டத்தட்ட ஒரே தொகை.

இந்த ஒப்பீட்டை நானே எச்சரிக்கையோடுதான் வைக்கிறேன். முதலாவது, சந்தை அந்த நொடியில் சொல்லும் மதிப்பு. இரண்டாவது, கருவூலத்திலிருந்து கைக்கு வந்துசேரும் ரொக்கம். 676 கோடிப் பங்குகளையும் ஒரே வாரத்தில் விற்க முயன்றால் விலை சரிந்து, பட்டியலில் இருக்கும் தொகையில் ஒரு பகுதியே கையில் கிடைக்கும். ரொக்கமாக வருவதை அறிய வேண்டுமானால் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரப்படும் டிவிடெண்டைப் பார்க்க வேண்டும்: 2024-25-க்குப் பங்கு ஒன்றுக்கு 5 ரூபாய் 50 காசு. 676 கோடிப் பங்குகளுக்கு ஏறத்தாழ 3,700 கோடி ரூபாய். இதுவும் மாபெரும் தொகைதான். ஆனால் 9 லட்சம் கோடியோடு பார்த்தால் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பணக்காரர் பட்டியல் அச்சிடும் எண்ணும், அந்த மனிதர் ஓராண்டில் தொட்டுச் செலவழிக்கக்கூடிய பணமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

எலான் மஸ்க்கின் கதை இதற்கு இன்னும் பெரிய சான்று. 2021 நவம்பருக்கும் 2023 ஜனவரிக்கும் இடையே அவர் ஏறத்தாழ 18,200 கோடி டாலர் இழந்தார் என்றும், தனிமனித வரலாற்றில் அதுவே மிகப் பெரிய இழப்பு என்றும் கின்னஸ் நிறுவனம் பதிவுசெய்தது. அந்த இழப்பால் அவருடைய அன்றாட வாழ்வில் வெளியே தெரியும்படி எந்த மாற்றமும் வரவில்லை. 2024 டிசம்பரில் அவர் சொத்து 40,000 கோடி டாலரைத் தாண்டியது. வாழ்க்கையைத் தொடாமல் இவ்வளவு தொகை போகவும் வரவும் முடியும் என்றால், அது நாம் அறிந்த பொருளில் "பணம்" என்ற வகையையே சேர்ந்ததன்று. அது நிறுவனங்களின் மீதான உடைமை. அந்த உடைமை வழியாகக் கிடைக்கும் முடிவெடுக்கும் அதிகாரம். பிரித்துக் கொடுக்கும் கணக்கு தவறுவதும் இங்கேதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் தொலைபேசிக் கோபுரங்களையும் 140 கோடித் துண்டுகளாக வெட்டிக் கொடுக்க முடியாது. அவற்றை யார் இயக்குகிறார்கள், ஆண்டுதோறும் அவை ஈட்டுவதில் யாருக்கு எவ்வளவு, எந்த விகிதத்தில் வரி என்பவைதான் பங்கீடு பற்றிய உண்மையான கேள்விகள்.

இனி ஈர்ப்பு. நாம் உடைமையைப் பார்த்து வியப்பதில்லை. செலவைப் பார்த்து வியக்கிறோம். மும்பையின் அல்டாமவுன்ட் சாலையில் நிற்கும் அம்பானி குடும்பத்தின் 27 மாடி வீடான அன்டிலியா, 2024 மார்ச்சில் ஜாம்நகரில் பாடகி ரிஹானா பாடிய அம்பானி மகனின் திருமண முன்விழா, அந்த ஜூலையில் மும்பையில் நடந்த திருமணம் ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்ட சொற்களில் நூற்றில் ஒரு பங்குகூட ரிலையன்ஸ் குழுமத்தின் கடனைப் பற்றியோ பங்குதாரர் பட்டியலைப் பற்றியோ எழுதப்பட்டிருக்காது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. திருமணம் நம் வீட்டிலும் நடக்கிறது. நகை நம் கழுத்திலும் கிடக்கிறது. பந்தியில் எத்தனை வகை பரிமாறினார்கள் என்று கேட்பது நமக்குப் பழகிய கேள்வி. நாம் செய்யும் ஒன்றையே பிரம்மாண்டமாகச் செய்தால் மனம் உடனே அளந்துகொள்கிறது. நம் வாழ்வில் இணையே இல்லாத ஒன்றை, ஒரு துறைமுகத்தின் முப்பதாண்டுக் குத்தகையை, அளக்க மனத்திடம் கோல் இல்லை.

அந்தத் திருமணத்தையே கணக்கில் போட்டுப் பாருங்கள். குடும்பம் எந்தத் தொகையையும் வெளியிடவில்லை. ஊடகங்கள் 5,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டன. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் 9 லட்சம் கோடியில் அது அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். வீடு, நகை, சேமிப்பு எல்லாம் சேர்த்து 30 லட்சம் ரூபாய் சொத்துள்ள குடும்பம் இதே விகிதத்தில் மகன் திருமணத்தை நடத்தினால், மொத்தச் செலவு 16,700 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் அந்தத் தொகைக்கு மண்டபத்தின் ஒரு வேளை வாடகைகூட நிச்சயமில்லை. கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, பத்தாண்டுச் சேமிப்பைத் துடைத்துக் கல்யாணம் செய்யும் நடுத்தரக் குடும்பம்தான் உண்மையில் தன் சக்தியை மீறிச் செலவழிக்கிறது. எனக்கு இதில் வருத்தம் தருவது, அந்த ஆடம்பரக் காட்சிகளைப் பார்த்து நம் குடும்பங்கள் தங்கள் செலவின் அளவுகோலை உயர்த்திக்கொள்கின்றன என்பது. மகளின் திருமணத்துக்கு வாங்கிய வட்டிக் கடனை ஓய்வுபெறும் வயது வரை கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் ஒவ்வொருவர் உறவிலும் இருக்கிறார்கள்.

அந்த முன்விழாவில் உண்மையில் கவனிக்க வேண்டியிருந்த ஒரு செய்தி செய்தித்தாள்களில் சிறிதாக வந்துபோனது. விருந்தினர்களின் விமானங்கள் வெளிநாடுகளிலிருந்து நேராக வந்திறங்குவதற்காக ஜாம்நகர் விமான நிலையத்துக்கு 2024 பிப்ரவரி 25 முதல் மார்ச் 5 வரை பன்னாட்டு விமான நிலையத் தகுதி தற்காலிகமாக வழங்கப்பட்டது. சுங்கம், குடிநுழைவு, சுகாதாரப் பரிசோதனை வசதிகள் அங்கே ஏற்பாடு செய்யப்பட்டன. தங்கள் ஊருக்குப் பன்னாட்டு விமானச் சேவை வேண்டும் என்று பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துக் காத்திருக்கும் நகரங்கள் இந்தியாவில் பல உள்ளன. செல்வத்தின் அளவை அந்தப் பத்து நாள் உத்தரவு காட்டுவதுபோல வைர அட்டிகை காட்டாது.

பார்வைக்குத் தெரியும் செல்வம் முழுச் செல்வமன்று என்பதைத் தமிழர்கள் தங்கள் வரலாற்றிலிருந்தே அறியலாம். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் செல்கிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் இத்தாலியப் பளிங்கையும் ஆத்தங்குடித் தரையையும் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் செல்வம் அந்த வீடுகளில் இருந்ததில்லை. ரங்கூனிலும் ஐராவதி வடிநில ஊர்களிலும் இருந்த வட்டிக் கடைகளின் பேரேடுகளில் இருந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து பர்மிய விவசாயிகள் கடனைத் திருப்ப முடியாமல் போனபோது நிலங்கள் கடன் கொடுத்தவர்களிடம் வந்துசேர்ந்தன. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு வயல்கள் செட்டியார்களின் பெயரில் இருந்தன. பர்மிய மக்களிடம் மூண்ட கசப்புக்கு அதுவும் ஒரு பெரும் காரணம். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தவற்றில் அந்தச் செல்வம் கரைந்தது. வீடுகள் மிஞ்சின. இன்று நாம் பார்த்து வியப்பது அந்த மிச்சத்தை.

அந்தக் காலத்தின் செல்வருக்கு ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் இன்னோர் எடுத்துக்காட்டு. 1937 பிப்ரவரியில் டைம் இதழ் அவரை உலகின் மிகப் பெரிய பணக்காரர் என்று அட்டையில் போட்டது. 184.75 காரட் எடையுள்ள ஜேக்கப் வைரத்தை அவர் காகிதத்தின் மேல் வைக்கும் எடையாகப் பயன்படுத்தினார் என்ற செய்தி இன்றும் பரவலாகப் பேசப்படுகிறது. அந்த வைரம் உள்ளிட்ட நிஜாம் நகைகளை இந்திய அரசு 1995-இல் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

நம் காலத்தின் ஈர்ப்புக்கு வடிவம் கொடுத்தது பட்டியல். 1982-இல் ஃபோர்ப்ஸ் இதழ் 400 அமெரிக்கப் பணக்காரர்களின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டபோது, அதில் நூறு கோடி டாலர் வைத்திருந்தவர்கள் 13 பேர்தான். 1987-இல் உலகப் பட்டியல் தொடங்கியபோது 140 பேர். 2025 பட்டியலில் 3,028 பேர்; அவர்களின் மொத்தச் சொத்து 16.1 லட்சம் கோடி டாலர். அமெரிக்காவில் விலைவாசி மூன்று மடங்கு ஏறாத காலத்தில் எண்ணிக்கை இருபது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. பட்டியல் என்ற வடிவம் செல்வத்தை விளையாட்டுப் போட்டியின் புள்ளிப் பட்டியலாக மாற்றியது: யார் முந்தினார், யார் பின்தங்கினார், நம் நாட்டவர் எத்தனையாவது இடம். 2012 முதல் புளூம்பெர்க் நிறுவனம் நாள்தோறும் புதுப்பிக்கும் குறியீட்டை வெளியிடத் தொடங்கியதும் அந்தப் போட்டி அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது.

அந்தப் பட்டியல் எவ்வளவு தடுமாறக்கூடியது என்பதை இரண்டு மனிதர்களைக் கொண்டு அறியலாம். விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகள் நடத்திய சக் ஃபீனி, 1984-இலேயே தம் பங்குகளை ஒரு அறக்கட்டளைக்கு ரகசியமாக மாற்றிவிட்டார். அதை அறியாத ஃபோர்ப்ஸ் 1988-இல் அவரை 130 கோடி டாலர் சொத்தோடு அமெரிக்காவின் முன்னணிப் பணக்காரர்களில் ஒருவராக அறிவித்தது. அவர் மலிவான பிளாஸ்டிக் கைக்கடிகாரம் கட்டி, விமானத்தில் சாதாரண வகுப்பில் பயணம் செய்து, ஏறத்தாழ 800 கோடி டாலரைக் கொடுத்து முடித்து, 2020-இல் அறக்கட்டளையையே மூடினார். மறுபக்கம், டொனால்ட் டிரம்ப் 1984-இல் வேறு பெயரில் தொலைபேசியில் பேசித் தம் சொத்தைப் பெரிதாக்கிச் சொன்னார் என்று, அந்தப் பட்டியலுக்குத் தகவல் திரட்டிய பத்திரிகையாளர் 2018-இல் ஒலிப்பதிவோடு எழுதினார். பட்டியலில் இருக்க விரும்பாதவர் இடம்பெற்றார். இருக்க விரும்பியவர் தம்மைச் சேர்க்கச் செய்தார்.

ஈர்ப்பின் இன்னொரு வேர், பணக்காரர்களின் வாழ்க்கையில் வெற்றிக்கான வழிமுறை இருக்கிறது என்ற நம்பிக்கை. அதிகாலையில் எழுந்தார், புத்தகம் படித்தார், துணிந்தார் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க இந்தியாவிலேயே ஓர் அரிய வாய்ப்பு அமைந்தது. திருபாய் அம்பானி 2002-இல் உயில் எழுதாமல் மறைந்தார்; 2005-இல் குழுமம் இரண்டு மகன்களுக்கிடையே பிரிந்தது. ஒரே தந்தை, ஒரே வீடு, ஒரே குடும்பத் தொழில். 2008 ஃபோர்ப்ஸ் பட்டியலில் முகேஷ் 4,300 கோடி டாலரோடு ஐந்தாம் இடத்திலும் அனில் 4,200 கோடி டாலரோடு ஆறாம் இடத்திலும் இருந்தார்கள். அன்று இருவரின் பழக்கவழக்கங்களையும் ஆராய்ந்து யாராவது பாடம் எழுதியிருந்தால் இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் எழுதியிருப்பார்கள். 2020 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றத்தில், சீன வங்கிகள் தொடுத்த கடன் வழக்கில், அனில் அம்பானியின் நிகர மதிப்பு பூஜ்யம் என்று அவர் தரப்பு வாதிட்டது. நீதிபதி அதை முழுமையாக ஏற்கவில்லை என்றாலும் சரிவின் ஆழம் தெரிந்தது. எந்தத் துறை கைக்கு வந்தது, எந்த நேரத்தில் எவ்வளவு கடன் எடுக்கப்பட்டது, அந்தத் துறையில் அரசின் விதிகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் எந்தப் பக்கம் திரும்பின என்பவை இந்த வேறுபாட்டில் பெரும் பங்கு வகித்தன. திறமைக்கு இடமில்லை என்று நான் சொல்லவில்லை. வென்றவரின் கதையை மட்டும் படித்து அதில் திறமையை அளக்க முடியாது என்கிறேன்.

அண்மை ஆண்டுகளில் இந்த ஈர்ப்போடு ஒரு புதிய இழையும் சேர்ந்திருக்கிறது. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்குகள் 2024 இறுதியில் 18 கோடியைத் தாண்டின. இப்போது பெரும் பணக்காரரைப் பார்ப்பவர் வெறும் பார்வையாளரல்லர். அவருடைய நிறுவனத்தில் பத்துப் பங்கு வைத்திருக்கும் கூட்டாளி. உரிமையாளர் உயர்ந்தால் தானும் உயர்வோம் என்ற எண்ணம் வியப்பை விசுவாசமாக மாற்றுகிறது. அவரைக் குறித்த கேள்வி தன் சேமிப்பின் மீதான தாக்குதலாகத் தோன்றுகிறது. 2023 ஜனவரி 24 அன்று, அதானி குழுமம் முறைகேடுகளில் ஈடுபட்டதாகக் குற்றம் சாட்டிய அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஹிண்டன்பர்க்கின் அறிக்கை வெளியானபின் அதானி குழும நிறுவனங்களின் சந்தை மதிப்பு சில நாட்களில் 10,000 கோடி டாலருக்கு மேல் சரிந்தது. குழுமம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2025 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அவற்றில் சிலவற்றை நிரூபிக்கப்படாதவை என்று தள்ளுபடி செய்தது. அறிக்கை வெளியான ஒரு வாரத்துக்குள், 2023 ஜனவரி இறுதியில், எல்.ஐ.சி. நிறுவனம் அக்குழுமத்தில் பங்கும் கடனுமாகத் தன்னுடைய முதலீடு 36,474 கோடி ரூபாய் என்று அறிவித்தது. பங்குச் சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத, மாதாமாதம் முகவரிடம் பிரீமியம் கட்டும் குடும்பமும் அந்த உயர்விலும் சரிவிலும் சேர்ந்தே இருந்தது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

வரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. இந்தியாவில் 1953 முதல் 1985 வரை இறந்தவரின் சொத்து மீது வாரிசுகள் வரி கட்டினார்கள். 1957 முதல் செல்வ வரி இருந்தது. பொருளியலறிஞர் ராஜா செல்லையா தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 1993 முதல் செல்வ வரி என்பது வீடு, நகை, கார், நகர்ப்புற நிலம் போன்றவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. பங்குகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. முதலீட்டை ஊக்குவிக்கும் நோக்கத்தில் எடுக்கப்பட்ட, அன்றைய சூழலில் நியாயம் உள்ள முடிவு அது. ஆனால் அதற்குப் பின் வந்த இருபதாண்டுகளில் பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதி பங்குகளாகவே வளர்ந்தது. எனவே 2013-14-இல் நாடு முழுவதிலும் கிடைத்த செல்வ வரி 1,008 கோடி ரூபாய்தான். வசூல் குறைவு, வசூலிக்கும் செலவு அதிகம் என்ற காரணத்தைக் கூறி, 2015 நிதிநிலை அறிக்கையில் அருண் ஜேட்லி அந்த வரியை நீக்கினார். ஆண்டு வருமானம் ஒரு கோடிக்கு மேல் உள்ளவர்கள் மீது 2 விழுக்காடு கூடுதல் மேல்வரியை அதற்கு ஈடாக வைத்தார். மேல்வரி என்பது வருமான வரியின் மேல் கூடுதலாக விதிக்கப்படுவது; வருமானம் இருந்தால்தான் அது விழும். பங்கை விற்காதவரை அதன் விலையேற்றம் சட்டத்தின் கண்ணில் வருமானமன்று. ஆகவே 9 லட்சம் கோடியை நோக்கி வளரும் சொத்து, விற்கப்படாத வரை, அடுத்த தலைமுறைக்குச் சென்றாலும்கூட, அந்த வரியைச் சந்திக்க வேண்டிய தேவையே இல்லை. மாதச் சம்பளக்காரருக்கோ பணம் கைக்கு வருமுன்பே வரி பிடித்தம் செய்யப்படுகிறது.

2024-இல் ஜி20 அமைப்புக்குத் தலைமை வகித்த பிரேசிலின் கோரிக்கையின் பேரில், பிரெஞ்சுப் பொருளியலறிஞர் கேப்ரியல் சுக்மான் ஒரு திட்டத்தை முன்வைத்தார்: நூறு கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் ஆண்டுதோறும் தம் சொத்தில் குறைந்தது 2 விழுக்காட்டுக்கு ஈடான வரி கட்ட வேண்டும். நான் மேலே சொன்ன 79 லட்சம் கோடிக்கு இதைப் பொருத்தினால் ஆண்டுக்கு 1.58 லட்சம் கோடி ரூபாய். 2024-25-இல் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 90,000 கோடி. எதிர்வாதங்களும் வலுவானவை: பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களை எப்படி மதிப்பிடுவது, ரொக்கம் இல்லாதபோது வரி கட்ட நிறுவனத்தின் பங்கையே விற்க நேருமே, செல்வர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் குடிபெயர்ந்துவிடுவார்களே. இவற்றுக்கு எளிய விடை இல்லை. எல்லா நாடுகளும் சேர்ந்து செய்தால்தான் கடைசி எதிர்வாதம் வலுவிழக்கும். என் கருத்து, ஆண்டுச் செல்வ வரியைவிட வாரிசுச் சொத்து மீதான வரியே இந்தியாவுக்கு முதலில் பொருந்தும் என்பது. ஏனெனில் அங்கே உழைப்பைத் தண்டிக்கிறோம் என்ற வாதம் எழ வழியில்லை. பெறுபவர் அதை ஈட்டியவரல்லர்.

பொருளியலறிஞர் ரகுராம் ராஜன் 2008-இல் மும்பையில் ஆற்றிய ஓர் உரையில், பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் நூறு கோடி டாலர் செல்வர்களின் எண்ணிக்கையில் ரஷ்யாவுக்கு அடுத்து நிற்கிறது இந்தியா என்று சுட்டிக்காட்டி, நிலம், இயற்கை வளம், அரசு ஒப்பந்தம் ஆகியவற்றின் வழியாக அவர்களில் பலர் உருவாவதைக் கவலையோடு குறிப்பிட்டார். செல்வர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல அளவுகோல். தூத்துக்குடிப் பகுதியில் பிறந்து 1976-இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கிய சிவ நாடாரின் செல்வம், உலகச் சந்தையில் போட்டியிட்டு மென்பொருள் சேவை விற்றதிலிருந்து வந்தது. சுரங்கத்திலோ துறைமுகத்திலோ அரசு கொடுக்கும் உரிமத்திலிருந்து பிறக்கும் செல்வம் வேறு வகை; அங்கே உரிமம் யாருக்கு, எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்ற ஆவணம் வளர்ச்சிக் கதையைவிட முக்கியமானது.

அடுத்த பட்டியல் வெளியாகும்போது ஒருவரின் செல்வத்தை உண்மையிலேயே அறிய விரும்புவோர் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் தன் பங்குதாரர் விவரத்தைப் பங்குச் சந்தைகளிடம் தாக்கல் செய்ய வேண்டும். மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். உரிமையாளர் குடும்பத்திடம் எத்தனை பங்குகள், அவை எந்தெந்த நிறுவனங்களின் பெயரில் இருக்கின்றன, எல்.ஐ.சி. எவ்வளவு வைத்திருக்கிறது, சிறு முதலீட்டாளர்கள் எத்தனை லட்சம் பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். உரிமையாளர் தம் பங்குகளில் எத்தனையைக் கடனுக்கு அடமானம் வைத்திருக்கிறார் என்பதற்கும் அதே அட்டவணையில் ஒரு பத்தி உண்டு. முதலில் அந்தப் பத்தியைப் பாருங்கள்.